ஆபீஸில் மேனேஜர், கடலில் மாணவர்... ட்ரையத்லானுக்குத் தயாராகும் ஓ.எம்.ஆர் குழு!

சோழிங்கநல்லூரில் அந்த ஐ.டி அலுவலகம் இருப்பது ஒன்பதாவது மாடியில். காபி மெஷின் பக்கத்துக் கண்ணாடி வழியாகக் கிழக்கே பார்த்தால் முதலில் பக்கிங்ஹாம் கால்வாய் தெரியும். அதைத் தாண்டினால் ஈ.சி.ஆர் பக்கத்து வீடுகளும் தென்னைகளும். அதற்கும் அப்பால் வங்கக் கடல். தூரம் சில கிலோமீட்டர்தான். ஆனாலும், இங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கடல் என்பது காபி குடிக்கும்போது கண்ணில் படுகிற ஒரு நீலப் பட்டை. லீவு நாளில் போனால் கால் நனைக்கலாம், சுண்டல் சாப்பிடலாம், போட்டோ எடுக்கலாம். அவ்வளவுதான்.

அந்தக் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. 1806-ல் வெட்டத் தொடங்கினார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலியில்லாமல் தவித்த மக்களை வைத்துச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டி முடித்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கும் வந்தது. உப்பும் விறகும் ஏற்றிப் படகுகள் போன நீர்வழி அது. இன்று அதன் மேற்குக் கரையில் கண்ணாடிக் கட்டடங்கள், கிழக்குக் கரையில் மீனவர் குப்பங்களும் பங்களாக்களும். 2000-ல் டைடல் பார்க் திறக்கப்பட்ட பிறகு வேலைக்காக வந்து குவிந்தவர்கள் மேற்குப் பக்கம். கடலைத் தெரிந்தவர்கள் கிழக்குப் பக்கம். இரண்டு பக்கத்துக்கும் பேச்சுவார்த்தை குறைவு.

அந்த ஒன்பதாவது மாடியில் நான்கு பேர் போன ஜூன் மாதம் ஒரு முடிவெடுத்தார்கள். ட்ரையத்லான் போட்டியில் கலந்துகொள்வது. நால்வருக்கும் இதுதான் முதல்முறை. ஒருவர் 44 வயது மேனேஜர். இன்னொருவர் பேரோல் பிரிவில் இருக்கும் 38 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் அம்மா. மூன்றாமவர் 24 வயது டெவலப்பர். நான்காவது, டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண். பெயர்கள் மட்டும் வேண்டாம் என்கிறார்கள். “முடிக்காமப் போயிட்டா ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஓட்டுவாங்க!”

நீச்சல், சைக்கிள், ஓட்டம். மூன்றையும் நடுவில் ஓய்வில்லாமல் அடுத்தடுத்து முடிக்க வேண்டும். அதுதான் ட்ரையத்லான். நீச்சலிலிருந்து கரையேறி ஈர உடையோடு சைக்கிளில் ஏறும் நேரமும், சைக்கிளை நிறுத்திவிட்டு ஷூ மாட்டும் நேரமும்கூடக் கடிகாரத்தில் சேரும். ஒலிம்பிக்கில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். முதல்முறை இறங்குபவர்கள் பெரும்பாலும் இதில் சரிபாதியான ‘ஸ்பிரின்ட்’ வகையைத் தேர்ந்தெடுப்பார்கள்: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். நமது குழுவும் அதைத்தான் எடுத்திருக்கிறது.

இந்த விளையாட்டின் பிறப்பும் ஒரு நண்பர் கூட்டத்தில்தான். 1974 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்காவின் சான் டியாகோவில் மிஷன் பே என்ற இடத்தில், ஓட்டப் பயிற்சிக் கிளப் ஒன்று வேலை நாளின் மாலையில் இப்படி ஒரு போட்டியை நடத்திப் பார்த்தது. 46 பேர் வந்தார்கள். நான்கு வருடம் கழித்து, 1978-ல் ஹவாயில், நீச்சல்காரர் உசத்தியா, சைக்கிள்காரர் உசத்தியா, ஓட்டக்காரர் உசத்தியா என்ற வாக்குவாதத்தைத் தீர்க்க, ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் மூன்றையும் சேர்த்து ஒரே நாளில் நடத்தினார்கள். 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். அதுதான் ‘அயர்ன்மேன்’. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரையத்லான் சேர்ந்தது. 2019 முதல் கோவாவின் மிராமர் கடற்கரையில் ‘அயர்ன்மேன் 70.3’ போட்டி நடக்கத் தொடங்கிய பிறகு நம் ஊர் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தப் பேச்சு அதிகம்.

சரி, ஓடத் தெரியும். சைக்கிள் ஓட்டத் தெரியும். நீச்சல்?

கிணற்று நீச்சலும் குளத்து நீச்சலும்

வேளச்சேரி நீச்சல் வளாகம் 1995-ல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டது. 50 மீட்டர் குளம். 750 மீட்டர் என்றால் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக 15 முறை. காலை ஆறு மணிக்கு அங்கே போனால் பள்ளிப் பிள்ளைகள் மீன்குஞ்சு மாதிரி போய்வந்துகொண்டிருப்பார்கள். ஓரமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, பெரியவர்கள் தண்ணீருக்குள் முகத்தை வைத்து ‘புர்ர்’ என்று மூச்சு விடுவார்கள். நாற்பதைத் தாண்டியவருக்குப் பக்கத்தில் எட்டு வயதுப் பையன், “அங்கிள், கண்ணைத் திறங்க” என்று சொல்லிவிட்டுப் போவான்.

மேனேஜர் திருவண்ணாமலைப் பக்கம். தனக்கு நீச்சல் தெரியும் என்று தைரியமாகத்தான் வந்தார். தெரியும்தான். ஊர்க் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, அண்ணன் பிடித்துத் தள்ளிவிட்டுக் கற்றுக்கொண்டது. தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும். கை இரண்டும் தண்ணீரை அடிக்கும். கிணற்றுக்கு அது போதும். மேலிருந்து எவன் தலையில் குதிக்கிறான் என்று பார்க்க வேண்டாமா? ஆனால் அந்த முறையில் நீந்தினால் ஐம்பது மீட்டருக்குள் மூச்சு முட்டிவிடும். தலை தூக்கினால் இடுப்பு தாழும்; இடுப்பு தாழ்ந்தால் உடம்பு தண்ணீரை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, அங்கேயே மூச்சை விட்டு, பக்கவாட்டில் திரும்பி மூச்சை எடுக்க வேண்டும். முப்பது வருடப் பழக்கத்தை மறந்தால்தான் இது வரும்.

சொல்லிக்கொடுத்தது யார் என்றால், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் டெவலப்பர் தம்பி. பள்ளிக் கோடை முகாமில் முறையாகக் கற்றவர். முதல் வாரம் முழுக்க, “சார், கொஞ்சம் தலையைக் கீழ வைக்கலாமா சார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் இருக்கும் ஆளுக்கு இத்தனை ‘சார்’ போட்டால் கடைசிச் சொல் காதில் விழாது. மூன்றாவது வாரத்தில் அது, “தலை! தலை கீழ!” என்று சுருங்கியது. அதே நாள் பதினொரு மணிக்கு மீட்டிங் அறையில், டெவலப்பர் முடிக்காத வேலையைப் பற்றி மேனேஜர் அதே தொனியில் கேட்டாராம். இரண்டு பேருக்கும் கணக்கு சரியாகிவிட்டது.

டெஸ்டிங் பெண்ணின் கதை வேறு. கரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். தோட்டத்தில் கிணறு இருந்தது. அண்ணன், தம்பி, பெரியப்பா பையன்கள் எல்லோரும் லாரி டியூபைப் போட்டுக்கொண்டு அதில்தான் கோடை விடுமுறையைக் கழித்தார்கள். இவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளைப் பார்த்துக்கொண்டார். “பொம்பளப் புள்ளைக்குக் கிணத்துல என்ன வேலைன்னு அப்பாயி சொல்லிடுச்சு. ஆனா கிணத்துல தவறி விழுந்தா பொம்பளப் புள்ளையும்தானே முழுகும்?” என்கிறார். நம் ஊரில் எத்தனை வீடுகளில் இந்தக் கேள்வி கேட்கப்படாமலேயே போயிருக்கும்! பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பும்போது பையனை மட்டும் அனுப்புகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன.

அவருக்கு முதல் 25 மீட்டர் வருவதற்கு நான்கு மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை விட்டுவிட்டுப் போனார். தண்ணீர் மார்புக்கு மேலே ஏறினால் நெஞ்சு படபடக்கும், கால் தானாகத் தரையைத் தேடும். ஒவ்வொரு முறையும் திரும்ப அழைத்து வந்தது பேரோல் அக்கா. “ரெண்டு புள்ள பெத்தப்புறம் நானே கத்துக்கிட்டேன். உனக்கென்ன?” என்பதுதான் அவருடைய ஒரே பயிற்சி முறை.

பெசன்ட் நகர் ஓட்டமும் ஈ.சி.ஆர் சைக்கிளும்

புதன்கிழமை ஓட்டம் எலியட்ஸ் பீச்சில். ஐந்து மணிக்கே அங்கு ஒரு தனி உலகம் விழித்திருக்கும். நடைப்பயிற்சித் தாத்தாக்கள், நாய்கள், அருகம்புல் ஜூஸ் வண்டி, வடக்கே ஊரூர் குப்பத்தில் கரையேறும் படகுகள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை போனால் ஆமை முட்டைகளைத் தேடி இரவெல்லாம் மணலில் நடந்துவிட்டுத் திரும்பும் மாணவர்களையும் பார்க்கலாம். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. சில நாள்களில், வலையில் சிக்கிச் செத்து ஒதுங்கிய ஆமையைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

மணலில் நிற்கும் அந்த வெள்ளை வளைவு மண்டபம் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ சினிமாவில் வந்திருக்கிறது. பலரும் அதன் படியில் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். அது எதற்குக் கட்டியது என்பதுதான் பலருக்குத் தெரியாது. ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டுக் கப்பலோட்டியின் நினைவிடம் அது. 1930 டிசம்பர் 30 அன்று இந்தக் கடலில் மற்றவர்களைக் காப்பாற்றப் போய் அவர் மூழ்கி இறந்தார். கடலிலேயே பிழைத்த மனிதர். அவரையே கொண்டுபோன கடல்! குழுவினர் ஓடித் திரும்புகிற எல்லை அந்த மண்டபம்தான். அதன் கதையை நால்வருக்கும் முதலில் சொன்னது பேரோல் அக்காதான். சொன்ன அன்று டெஸ்டிங் பெண் திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை.

சைக்கிள் ஞாயிற்றுக்கிழமை. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு விடியலில் ஈ.சி.ஆர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். தலைக்கவசமும் மினுக்கும் சிவப்பு விளக்குமாகச் சைக்கிள்கள் வரிசை கட்டிப் போகும். நீலாங்கரை, 1966-ல் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் இருக்கும் ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி சுங்கச்சாவடி, கானாத்தூர் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழியும். முட்டுக்காடு பாலத்தில் ஏறியதும் மரம், கட்டடம் எதுவும் மறைக்காமல் பக்கவாட்டில் காற்று வந்து அடிக்கும். மெலிந்த ஆளாக இருந்தால் சைக்கிள் ஒரு அடி நகர்ந்தே போகும். போகும்போது முதுகைத் தள்ளிவிட்ட காற்று, திரும்பும்போது முகத்தில் கை வைத்துத் தடுக்கும். அதனால் போகும் வேகத்தைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

காற்றைவிட வண்டிகள்தான் பயம். இரவெல்லாம் கொண்டாடிவிட்டு விடியலில் ஊர் திரும்பும் கார்களும் இதே சாலையில்தான் வரும். தனியாகப் போகாதே, இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டாதே, பின்விளக்கு இல்லாமல் கிளம்பாதே என்று பேரோல் அக்கா வைத்திருக்கும் சட்டங்கள் கறாரானவை. டெவலப்பர் தம்பி இஎம்ஐ-யில் வாங்கிய சைக்கிளின் விலை அவருடைய அம்மாவுக்கு இன்னும் தெரியாது. விளக்கின் விலை மட்டும் தெரியும். அதை வாங்கிக் கொடுத்ததே அம்மாதான்.

இருபது கிலோமீட்டர் மிதித்துவிட்டு இறங்கி உடனே ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். சுற்றிச் சுற்றிப் பழகிய தசைக்கு, திடீரென்று உடம்பின் எடையைத் தாங்கி அடி எடுத்து வைக்கச் சொன்னால் புரிவதில்லை. அதற்காகவே சைக்கிளையும் ஓட்டத்தையும் சேர்த்துச் செய்யும் பயிற்சிக்கு ‘பிரிக்’ என்று பெயர். செங்கல். கால் அப்படித்தான் கனக்கும். கோவளம் பிரிவில் இருக்கும் டீக்கடைக்காரருக்கு இப்போது இந்தக் கூட்டத்தைப் பழகிவிட்டது. சைக்கிளை அவர் கடையில் சாய்த்துவிட்டு இவர்கள் ஓடிப்போவதும், பத்து நிமிடத்தில் வேர்த்து ஊற்றத் திரும்பி வருவதும் அவருக்கு முதலில் விளங்கவில்லை. யாரோ துரத்துவதாக நினைத்தாராம்.

“அங்க இறங்காதீங்க”

டிசம்பரோடு மழைக்காலம் முடிந்தது. குளத்தில் நால்வரும் 750 மீட்டரைத் தொட்டிருந்தார்கள். போட்டியில் நீச்சல் கடலில் என்பதால் இனி கடலில் பழக வேண்டும். ஒருநாள் மதியம் பேன்ட்ரியில் நின்று இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எலியட்ஸ் பீச் பக்கம், ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் பார்க்கலாம் என்று டெவலப்பர் சொன்னார்.

“அங்க இறங்காதீங்க.”

சொன்னது டீ கொண்டுவந்த அண்ணன். முப்பத்தைந்து வயதிருக்கும். ஐந்து வருடமாக அந்த மாடியில் டீயும் காபியும் கொடுப்பவர். யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்கு ஸ்ட்ராங் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருக்கு ஊர் கோவளம், அப்பா கட்டுமரத்தில் போனவர், அண்ணன் இன்னமும் ஃபைபர் படகில் போகிறார் என்பது அந்த நால்வருக்கும் அன்றுதான் தெரிந்தது. ஐந்து வருடத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை.

அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். ‘இங்கேதான் அலை இல்லை, இங்கே இறங்கலாம்’ என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். கரையில் வந்து மோதிய தண்ணீரெல்லாம் திரும்பக் கடலுக்குப் போகும் வழி அதுதான். அதில் சிக்கினால் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். பயந்து கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் எவ்வளவு பெரிய நீச்சல்காரரும் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டு, பிறகு அலையோடு கரைக்குத் திரும்ப வேண்டும். சென்னைக் கடற்கரைகளில் குளிக்கப் போய் உயிரிழந்தவர்கள் பற்றிய செய்தி வராத வருடம் இல்லை. போலீஸ் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது சும்மா இல்லை.

இதையெல்லாம் அந்த அண்ணன் பேன்ட்ரி மேஜையில் டம்ளர்களை அலையாக அடுக்கி, நடுவில் ஒன்றை எடுத்துவிட்டுக் காட்டினார். மீட்டிங் அறைகளில் எத்தனையோ பிரசன்டேஷன் பார்த்த மேனேஜர், “இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்லை” என்கிறார்.

“ஞாயித்துக்கிழமை எங்க ஊருக்கு வாங்க. நான் கூட இறங்குறேன்.”

கோவளம்

கோவளத்தைச் சென்னைக்காரர்கள் பலர் பிரிவுச் சாலையோடு கடந்து மாமல்லபுரம் போய்விடுவார்கள். உள்ளே திரும்பிப் போனால் தர்கா, மாதா கோயில், மீன் ஏலம், சர்ஃபிங் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகள் என்று ஒரு சின்ன ஊருக்குள் எல்லாம் இருக்கும். ஆற்காடு நவாபு காலத்தில் இங்கே கோட்டையும் துறைமுகமும் இருந்தன. 1752-ல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்தார். பின்னர் அது தகர்க்கப்பட்டது. அந்த இடத்தில்தான் இன்று நட்சத்திர ஓட்டல். 2021-ல் இந்தக் கடற்கரைக்குச் சுத்தத்துக்கும் பாதுகாப்புக்குமான ‘நீலக்கொடி’ சான்றிதழ் கிடைத்தது. இப்போது சர்ஃபிங் கற்க வெளிமாநிலத்தவர்களும் வருகிறார்கள். கற்றுத்தருபவர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்.

முதல் ஞாயிறு யாரும் நீந்தவில்லை. அண்ணன் நால்வரையும் மணலில் உட்காரவைத்து அரை மணி நேரம் கடலைப் பார்க்கச் சொன்னார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் ஓயும், திரும்ப வரும். அந்த ஓய்வை எண்ணிப் பழகச் சொன்னார். அலை உடைந்து வரும்போது நின்று மார்பைக் காட்டாமல் அதன் அடியில் புகுந்து போவது எப்படி என்று செய்து காட்டினார். அவருக்கு ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற சொல்லும் தெரியாது. ஒருமுறை மட்டும் இவர்களோடு குளத்துக்கு வந்து பார்த்திருக்கிறார். “கண்ணு எரியுது. தண்ணி ஆளைத் தாங்கவே மாட்டேங்குது.” அவர் சொன்னது சரி. உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிப் பிடிக்கும். குளத்துத் தண்ணீர் அந்த அளவுக்குப் பிடிக்காது. குளத்தில் டெவலப்பர் தம்பி அவரை எளிதாக முந்திவிட்டார். கடலில் அந்தப் பேச்சே இல்லை.

கடலில் நீந்துவதில் இன்னொரு தொல்லை, திசை. குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கும். கடலில் தலையைக் கவிழ்த்தால் மண் கலங்கிய பச்சைதான். பத்து வீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும். நம்முடையது கிழக்குக் கரை. காலையில் உள்ளே போகும்போது சூரியன் நேர் எதிரே. தண்ணீரெல்லாம் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும், எதுவும் தெரியாது. தலையைத் தூக்கிப் பார்க்க மேனேஜருக்கு அவருடைய பழைய கிணற்று நீச்சல் கைகொடுத்தது. ஆறு மாதம் திட்டித் திட்டி மறக்கவைத்த பழக்கத்தை டெவலப்பர் மறுபடி கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

டெஸ்டிங் பெண் முதல் இரண்டு ஞாயிறும் முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை. குளத்தில் 750 மீட்டர் முடித்த அதே ஆள்தான். “குளத்துல பயந்தா நின்னுடலாம். இங்க எங்க நிக்கிறது?” மூன்றாவது ஞாயிறு, கரையில் ஆரஞ்சுக் கொடி ஒன்றை நட்டுவிட்டு, அண்ணன் அவருக்குப் பக்கத்தில் நடந்தார். இடுப்பளவு. மார்பளவு. அலைகள் ஓய்ந்த நேரம் பார்த்து, “இப்ப, தங்கச்சி” என்றார். இருவரும் ஒரே அலையின் அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தார்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டிவிட்டால் கடல் வேறு ஆளாகிவிடும். சத்தம் குறையும். தண்ணீர் மெல்ல ஏறி இறங்கும், தூளியில் போட்டு ஆட்டுவது மாதிரி. அங்கே மல்லாந்து மிதக்கச் சொன்னார். மிதந்தார். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கரையில் நின்ற பேரோல் அக்கா கடிகாரம் பார்த்திருக்கிறார்: ஏழு நிமிடம்.

அன்று மாலை கரூருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா முதலில் திட்டினாராம். பிறகு, தண்ணீர் குளிர்ந்திருந்ததா என்று கேட்டாராம்.

நீல நிற டேக்

இந்தக் கதையில் ஒரு சிக்கல் வந்தது, கடலுக்குள் இல்லை, படிவத்தில். போட்டியில் ‘ரிலே’ என்று ஒரு பிரிவு உண்டு. ஒருவர் நீந்துவார், ஒருவர் சைக்கிள், ஒருவர் ஓட்டம். அண்ணன் நீந்த, டெவலப்பர் சைக்கிள் மிதிக்க, பேரோல் அக்கா ஓட, மற்ற இருவரும் தனித்தனியாக மூன்றையும் செய்வது என்று முடிவானது. கார்ப்பரேட் ரிலேவில் சேர்ந்தால் கட்டணத்தை நிறுவனம் திருப்பித் தரும். ஆனால் மூவரும் அந்த நிறுவன ஊழியர்களாக இருக்க வேண்டும். அண்ணன் ஒப்பந்த ஊழியர். அவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் டேக் நீலம், மற்றவர்களுடையது சிவப்பு. அவருக்குச் சம்பளம் கொடுப்பது ஏஜென்சி. ஒரே மாடியில் ஐந்து வருடம் வேலை பார்த்தும் படிவத்தின்படி அவர் சக ஊழியர் கிடையாது.

மேனேஜர் இரண்டு மெயில் அனுப்பிப் பார்த்தார். விதி விதிதான் என்று பதில் வந்தது. அதன் பிறகு பேரோல் அக்கா யாரையும் கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பொது ரிலேவில் மூன்று பேரையும் பதிந்துவிட்டார். கட்டணத்தை நால்வரும் பங்கு போட்டார்கள். அண்ணன் தன் பங்கைக் கொடுக்க வந்தபோது, கடலில் சொல்லிக்கொடுத்ததற்கு ஃபீஸ் எவ்வளவு என்று டெவலப்பர் திருப்பிக் கேட்டிருக்கிறார். பேச்சு அதோடு நின்றது. அணிக்குப் பெயர் எழுதும் கட்டத்தில் ‘பேன்ட்ரி’ என்று போட்டிருக்கிறார்கள்.

அவருக்கு வேறொரு கவலையும் இருக்கிறது. போட்டி ஞாயிற்றுக்கிழமை என்றாலும், முந்தைய நாளே போய்ப் பதிவு எண்ணை வாங்க வேண்டும். சனிக்கிழமை லீவு போட்டால் அன்றைய கூலி போகும். அதற்கு மாற்று ஆள் பிடிக்கும் பொறுப்பை மேனேஜர் எடுத்திருக்கிறார். சனிக்கிழமை ஷிஃப்டுக்கு வரும் டீம் சொந்தமாக டீ போட்டுக்கொள்ளும் என்பது இப்போதைய ஏற்பாடு. டீயின் தரத்துக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இதைப் படித்துவிட்டு ட்ரையத்லானில் ஆர்வம் வந்தால் நல்லது. முதலில் டாக்டரிடம் ஒரு பரிசோதனை, பிறகு குளத்தில் முறையான பயிற்சியாளர், அதற்கும் பிறகுதான் கடல். அந்தக் கரையைத் தெரிந்த ஒருவர் கூட இல்லாமல் கடலில் இறங்கக் கூடாது. எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் இது பொருந்தும்.

போட்டிக்கு இன்னும் நான்கு ஞாயிறுகள் இருக்கின்றன. சனிக்கிழமை இரவு நால்வரும் சைக்கிளுக்குக் காற்றடித்து, ஊறவைத்த பாதாமையும் கடலை மிட்டாயையும் எடுத்துவைத்துவிட்டுப் படுக்கிறார்கள். அலாரம் வைப்பதில்லை. விடியலில் நாலரைக்குக் கோவளத்தில் அண்ணன் வீட்டிலிருந்து இறங்கிப் போய் கடலைப் பார்ப்பார். சரியாக இருந்தால் போன் வரும். வராவிட்டால் அன்றைக்கு நீச்சல் கிடையாது, தூங்கலாம்.